பள்ளத்தில் அல்ல, மேட்டில்: பெங்களூரில் மழைநீர்ப் படுகைகளின் இடமும் அமைப்பும்

கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், ஒரு முகட்டின் இருபுறமும் பரவிய நகரம் பெங்களூர். முகட்டுக்கு மேற்கே விழும் மழை விருஷபாவதி வழியே அர்க்காவதியை அடைந்து காவிரியில் கலக்கிறது. கிழக்கே விழுவது ஹெப்பாள், கோரமங்களா-செல்லகட்டா பள்ளத்தாக்குகளின் ஏரிகளைக் கடந்து தென்பெண்ணையில் சேர்ந்து, ஒசூர் அருகே கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. ஏரிகளை இணைக்கும் ராஜகாலுவே எனும் கால்வாய்கள் வயல்வெளிகளில் மெல்ல வடிந்த நீருக்கு ஏற்றவை. சரிவுகளைத் தாரும் கான்கிரீட்டும் மூடியபின், அதே நீர் மிகக் குறுகிய நேரத்தில் பள்ளத்துக்கு வந்துவிடுகிறது. 2022 செப்டம்பரில் பெல்லந்தூர்ப் பகுதியும் வெளிவட்டச் சாலையும் மூழ்கியதில் இதற்குப் பெரும் பங்குண்டு.

சாலைநீரைச் செடிகள் வளரும் தாழ்வான மண்படுகையில் தேக்கி வடிக்கும் பயோரிடென்ஷன் முறை, 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மேரிலாந்தில் உருவானது. நீர் தேங்கும் பள்ளங்களிலேயே இத்தகைய படுகைகளை அமைப்பது இயல்பான யோசனையாகத் தோன்றும். பெங்களூருக்கு அது பொருந்தாது. பள்ளத்தை அடையும்போது மழைநீருடன் கழிவுநீர் கலந்துவிடுகிறது. மழைக்காலத்தில் அங்கே நிலத்தடி நீரும் மேலெழுந்து நிற்கும். கீழே வடிய இடமில்லாத படுகை வெறும் குட்டைதான். எனவே முகட்டை ஒட்டிய தெருக்களிலும் மேல்சரிவுகளிலும், நீர் ராஜகாலுவேயில் விழுமுன் பிடிக்கும் சிறு படுகைகளே தேவை.

சிறு படுகை எவ்வளவு பிடிக்கும் என்பது அளவைக் கணக்கிட்டால் தெளிவாகும். 500 சதுர மீட்டர் சாலையில் 25 மி.மீ. மழை பெய்தால், பத்தில் ஒன்பது பங்கு ஓடிவருவதாகக் கொண்டு, 11 கன மீட்டருக்குச் சற்று மேல் நீர் சேரும். 25 சதுர மீட்டர் படுகை, அதாவது சாலைப் பரப்பில் இருபதில் ஒரு பங்கு, 15 செ.மீ. ஆழம் தேக்கினால் 3.75 கன மீட்டர் கொள்ளும். கீழே 75 செ.மீ. மண்ணில் ஐந்தில் ஒரு பங்கு நீருக்கு இடம் தந்தால் மேலும் 3.75. ஆக மூன்றில் இரண்டு பங்கு அங்கேயே நின்றுவிடும். பெருமழை முழுவதையும் இது அடக்காது. ஆனால் சாலையின் எண்ணெயையும் தூசியையும் சுமந்துவரும் முதல் நீர் ஏரிக்குப் போகாது.

நகரின் செம்மண்ணில் களி மிகுந்த இடங்களும், கட்டுமான வண்டிகள் இறுக்கிய இடங்களும் உண்டு. தோண்டிய குழியில் நீரூற்றி, அது வடியும் வேகத்தை அளந்த பிறகே இடத்தை உறுதிசெய்ய வேண்டும். இரண்டு நாளில் வடியாத மண்ணில் சரளைப் படுக்கையும் துளையிட்ட குழாயும் அவசியம். கட்டட அடித்தளத்திலிருந்து மூன்று மீட்டராவது விலகியிருப்பது நல்லது. டிசம்பர் முதல் மார்ச் வரை மழை அரிது என்பதால், வறட்சியையும் வெள்ளத்தையும் தாங்கும் வெட்டிவேர் போன்றவற்றை நடலாம்.

படுகையின் வரைபடத்தில் யாரும் பெரிதாகக் கவனிக்காத பகுதி, நீர் உள்ளே வரச் சாலையோரக் கல்லில் விடும் திறப்பு. மரங்கள் அடர்ந்த தெருக்களில் உதிர்ந்த இலையும் பிளாஸ்டிக் உறையும் அந்த இடைவெளியை முதல் மழையிலேயே அடைத்துவிடும். நீர் படுகையைத் தொடாமல் ஓடிவிடும். திறப்பை அகலமாக விட்டு, உட்புறம் வண்டல் தங்க ஒரு சிறு கல்தொட்டி அமைத்து, ஏப்ரல் இறுதியில் ஒருமுறையும் செப்டம்பர் மழைக்கு முன் ஒருமுறையும் வண்டலை வாரி எடுக்க வேண்டும். அந்தச் செலவை ஒப்பந்தத்திலேயே சேர்க்காமல் படுகையைக் கட்டக்கூடாது.