காற்றுத் தூசியின் பிறப்பிடம் அறிதல்: ஐசோடோப்பு முறை

காற்று அள்ளிவந்து கொட்டும் தூசி எந்த நிலத்திலிருந்து கிளம்பியது என்பதை, அதிலுள்ள தனிமங்களின் ஐசோடோப்பு விகிதங்களைக் கொண்டு கண்டறியும் முறை இது. ஸ்ட்ரான்சியம், நியோடிமியம், ஈயம் ஆகிய மூன்றும் இதில் அதிகம் பயன்படுகின்றன.

ரூபிடியம்-87 சிதைந்து ஸ்ட்ரான்சியம்-87 ஆகிறது. இதன் அரை ஆயுள் சுமார் 4,900 கோடி ஆண்டுகள். சமாரியம்-147 சிதைந்து நியோடிமியம்-143 ஆகிறது. இதற்குச் சுமார் 10,600 கோடி ஆண்டுகள். பழங்கண்டப் பாறைகளில் ரூபிடியம் மிகுதி என்பதால் ஸ்ட்ரான்சியம்-87 நிறையச் சேர்ந்திருக்கும்; நியோடிமியம்-143 குறைவாக இருக்கும். இளம் எரிமலைப் பாறைகளில் நிலை இதற்கு நேர்மாறு.

இவ்விரு தனிமங்களில் நியோடிமியத்தையே கூடுதலாக நம்பலாம். பாறை பொடிந்தாலும், பொடி கடல் கடந்து பறந்தாலும் அதன் விகிதம் ஏறக்குறைய மாறுவதில்லை. ஸ்ட்ரான்சியம் அப்படியல்ல. ஒரே மண்ணிலும் நுண்துகள்களில் விகிதம் கூடுதலாகவும் பருத்த துகள்களில் குறைவாகவும் இருக்கும். ஆகவே தொலைதூரம் பறக்கக்கூடிய, 5 மைக்ரோமீட்டருக்கும் குறைவான துகள்களை மட்டும் மண்ணிலிருந்து பிரித்தெடுத்துப் காற்றில் வந்த தூசியுடன் ஒப்பிட வேண்டும். இதில் அலட்சியம் காட்டினால் முடிவே தவறிவிடும்.

இம்முறைக்குச் சிறந்த சான்று அண்டார்க்டிகா. அங்குள்ள டோம் சி, வஸ்தோக் ஆகிய இடங்களில் துளையிட்டு எடுத்த பனியைத் தூய அறையில் உருக்கி, அடியில் தங்கும் மிகச் சிறிதளவு தூசியை அமிலத்தில் கரைத்து, தனிமங்களைப் பிரித்து நிறை நிறமாலைமானியில் அளக்கிறார்கள். நியோடிமியம் விகிதத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு வேறுபாடும் இங்கே பொருளுள்ளது. 1992-இல் குரூசே குழுவினரும் 1997-இல் பாசில் குழுவினரும் வெளியிட்ட ஆய்வுகள், பனியூழிக் காலத் தூசி தென் அமெரிக்காவின் பட்டகோனியாவிலிருந்து வந்ததெனக் காட்டின. ஆஸ்திரேலியாவின், தென்னாப்பிரிக்காவின் விகிதங்கள் அதனுடன் பொருந்தவில்லை. ஆண்டிஸ் மலையைப் பனியாறுகள் அரைத்துச் சமவெளியில் பரப்பிய வண்டலை மேலைக்காற்று தூக்கிச் சென்றது என்பதே பொதுவான விளக்கம். டோம் சி பனியில், பனியூழிக் காலத்துத் தூசிப் படிவு வெப்பக் காலத்தைப் போல் ஏறத்தாழ 25 மடங்கு.

பொருந்தாத நிலங்களை விலக்குவதில் இம்முறை உறுதியானது. பொருந்தும் நிலம் ஒன்றே ஒன்றுதான் என்று நிறுவுவதில் அவ்வளவு உறுதி இல்லை. இரு நிலங்களின் தூசி கலந்தால் மூன்றாவது நிலத்தின் விகிதம்போலத் தோன்றக்கூடும். அதனால் களிமண் கனிமங்களின் அளவுகளும் காற்றோட்டக் கணிப்புகளும் துணைச்சான்றுகளாகச் சேர்க்கப்படுகின்றன.