காவியின்மேல் காவி: பீம்பேட்கா பாறை ஓவியங்களின் காலம்

போபாலுக்குத் தெற்கே ஏறத்தாழ 45 கி.மீ. தொலைவில், விந்திய மலையின் தென்விளிம்பில், காற்றும் மழையும் மணற்பாறையைக் குடைந்து உருவாக்கிய எழுநூறுக்கு மேற்பட்ட பாறை ஒதுக்கிடங்கள், அதாவது மேற்பாறை கூரைபோல் நீண்டு நிழல் தரும் இயற்கைத் தங்கிடங்கள், உள்ளன. பீமன் அமர்ந்த இடம் என்று ஊரார் சொல்லும் இந்தப் பீம்பேட்காவை, 1888இல் வெளிவந்த ஓர் ஆங்கிலேயரின் குறிப்பு பௌத்தத் தலமாகக் கொண்டது. 1957இல் ரயிலில் சென்றுகொண்டிருந்த தொல்லியலாளர் வி. ஸ்ரீ. வாகண்கர் தொலைவிலிருந்து பாறைகளின் அமைப்பைக் கண்டு ஐயுற்று, இறங்கி மலையேறிய பிறகே ஓவியங்கள் ஆய்வுலகின் கவனத்திற்கு வந்தன.

செங்காவி இரும்புத்தாது கலந்த கனிமம் ஆதலால், உயிர்ப்பொருளின் கரிமத்தைக் கொண்டு காலம் கணிக்கும் முறை இங்கு நேரடியாகப் பயன்படுவதில்லை. எனவே எந்த உருவம் எதன்மேல் தீட்டப்பட்டுள்ளது என்பதை நோக்கும் மேற்படிவு முறையே முதல் சான்றாகிறது. 'மிருகக்காட்சிப் பாறை' எனப்படும் ஒதுக்கிடத்தில் யானை, கடமான், காட்டெருது, புள்ளிமான் ஆகியவை ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கிக் கிடக்க, குதிரையேறி ஆயுதம் ஏந்திய வீரர்களோ வரலாற்றுக் காலத்தின் கைவண்ணமாகத் தனித்துத் தெரிகின்றனர். வேட்டைக் காட்சிகளிலுள்ள ஈட்டிகளின் இருபுறமும் முட்கள்போல் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு கோடுகள் அழகுக்காக இடப்பட்டவை அல்ல. தண்டில் பதிக்கப்பட்ட நுண்கற்கருவிகளே அவை. அகழாய்வில் அத்தகைய விரல்நுனியளவுக் கல் அலகுகள் இடைக்கற்கால மண்ணடுக்குகளில் கிடைத்திருப்பதால், பாறையும் மண்ணும் இவ்விடத்தில் ஒத்துப்பேசுகின்றன.

ஆடும் மனிதரைக் காட்டும் பச்சைநிற உருவங்களைப் பற்றியே கருத்து வேறுபாடு நீடிக்கிறது. வாகண்கர் அவற்றை இடைக்கற்காலத்திற்கு முந்திய மேல்பழங்கற்காலத்தவை எனக் கொள்ள, ஓவியங்களை நீர்வண்ணத்தில் படியெடுத்து ஆராய்ந்த யசோதர் மட்பால் இடைக்கற்காலத்திற்கு அப்பால் செல்ல இசையவில்லை; பல்லாயிரம் ஆண்டுகளைத் தயங்காமல் சுற்றுலாப் பலகையில் எழுதிவிடலாம் என்றாலும், இதில் மட்பாலின் எச்சரிக்கையே ஏற்கத்தக்கது.

2003இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற இக்குன்றுகளில் காலக்கணிப்பு சறுக்கியது ஓவியத்தில் மட்டுமன்று. 'அரங்கக் குகை' எனும் பெரிய ஒதுக்கிடத்தின் கூரையில் இலைபோல் படிந்திருந்த ஒரு தடம், சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முந்திய உயிரினத்தின் புதைபடிவம் என 2021இல் அறிவிக்கப்பட்டது. பின்னர் வேறு ஆய்வாளர்கள் அருகில் சென்று பார்த்தபோது, அது கைவிடப்பட்டுச் சிதைந்த தேனடையின் எச்சம் என்று தெரியவந்தது.