தத்தெடுக்க ஏன் இத்தனை காகிதம்?

என்னிடம் படித்த பிள்ளைகளுக்கும் சொந்தபந்தங்களுக்கும் வடசேரியிலிருந்து வணக்கம்.

வெளிநாட்டில் குடும்பமாக இருக்கும் பழைய மாணவி ஒருத்தி போனில் கேட்டாள்: "டீச்சர், பெத்துக்கிறவங்ககிட்ட யாரும் ஒரு பேப்பரும் கேக்கிறதில்ல. தத்தெடுக்க மட்டும் ஏன் இத்தனை?" நியாயமான கேள்வி. அவளுக்குச் சொன்ன பதிலை உங்கள் எல்லாருக்குமாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

நம்ம ஊர் ஒரு காலத்தில் திருவிதாங்கூர் அரசில் இருந்தது. அந்த அரச குடும்பத்தில் பட்டம் மருமக்கள் வழியில் போகும். வம்சம் தொடரப் பெண் பிள்ளை வேண்டும். அது இல்லாமல் போனதால் 1900-இல் மாவேலிக்கரையிலிருந்து இரண்டு சிறுமிகளைத் தத்தெடுத்தார்கள். ஒருவர் 1924 முதல் 1931 வரை ஆட்சிப் பொறுப்பில் இருந்த சேது லட்சுமி பாய். இன்னொருவர் கடைசி மன்னர் சித்திரைத் திருநாளின் தாயார் சேது பார்வதி பாய். சாதாரண வீடுகளிலும் கொள்ளி வைக்கவும் சொத்தைக் காக்கவும்தான் பெரும்பாலும் தத்து. வீட்டுக்குப் பிள்ளை வேண்டுமா என்றுதான் பார்த்தார்கள். பிள்ளைக்கு இந்த வீடு சரிப்படுமா என்று கேட்க ஆளில்லை.

1956-இல் இந்து தத்தெடுப்புச் சட்டம் வந்தது. நம் மாவட்டத்தில் நிறைந்திருக்கும் கிறிஸ்தவர்களுக்கும், முஸ்லிம்களுக்கும் அது பொருந்தாது. 1890-ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர்களால் அப்போது 'கார்டியன்' ஆக மட்டும்தான் முடிந்தது. வெளிநாட்டுக்காரர்களும் அந்தச் சட்டத்தின் வழியாகத்தான் குழந்தையைக் கொண்டுபோனார்கள். இங்கே கார்டியன் ஆகி, அங்கே போய்த் தத்தெடுக்க வேண்டும். இடையில் அந்தப் பிள்ளை எங்கே, எப்படி இருக்கிறது என்று கேட்க வழியில்லை.

1982-இல் லட்சுமி காந்த் பாண்டே என்ற வக்கீல், வெளிநாட்டுத் தத்து என்ற பேரில் நடக்கும் முறைகேடுகளைப் பற்றி உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். அதையே பொதுநல வழக்காக எடுத்துக்கொண்டார்கள். 1984 பிப்ரவரியில் நீதிபதி பி.என். பகவதி தீர்ப்புச் சொன்னார். தத்துக் கேட்பவர்களின் நாட்டிலுள்ள அங்கீகாரம் பெற்ற அமைப்பு ஒன்று அவர்கள் வீட்டை நேரில் ஆராய்ந்து அறிக்கை தர வேண்டும். திருமணச் சான்று, மருத்துவச் சான்று, வேலைச் சான்று, வருமான விவரம், குடும்பப் புகைப்படம் எல்லாம் வேண்டும். இன்று 'ஹோம் ஸ்டடி' என்று அலைகிறீர்களே, இந்திய வெளிநாட்டுத் தத்தில் அது கட்டாயமானது இங்கிருந்துதான்.

1990-இல் 'காரா' என்ற மத்திய அமைப்பு வந்தது. 1993-இன் ஹேக் ஒப்பந்தத்தை இந்தியா 2003-இல் ஏற்றது. அதற்குப் பிறகும், சென்னையில் கடத்தப்பட்ட ஏழைக் குழந்தைகள் தத்து என்ற பேரில் வெளிநாடு போனது 2005-இல் அம்பலமானது. பெற்ற தாய் தெருத்தெருவாகத் தேடிக்கொண்டிருக்க, பிள்ளை வேறொரு தேசத்தில் வேறு பேரோடு வளர்ந்தது. காகிதம் இருந்தால் மட்டும் போதாது, அது உண்மையாகவும் இருக்க வேண்டும் என்பதை நாடு இப்படித்தான் கற்றது. 2015-இன் சிறார் நீதிச் சட்டப்படி, குழந்தையை ஒப்படைக்கும் தாய்க்கு மனம் மாற 60 நாள் அவகாசம் உண்டு. 2022 செப்டம்பர் முதல் தத்து ஆணை பிறப்பிப்பவர் மாவட்ட ஆட்சியர்.

ஆக, ஒவ்வொரு காகிதமும் ஏதோ ஒரு பிள்ளை பட்ட பாட்டிலிருந்து வந்தது. உங்களைச் சந்தேகப்பட்டுக் கேட்பதாக நினைக்காதீர்கள். வாய் பேசத் தெரியாத அந்தப் பிள்ளை சார்பில் அரசாங்கம் கேட்கிறது.

இப்போது காரியத்துக்கு வருவோம். தத்தெடுக்க நினைப்பவர்கள் விண்ணப்பத்துக்கு முன்பே இவற்றைப் பாருங்கள்.

பெயர்தான் முதல் தலைவலி. எஸ்.எஸ்.எல்.சி. மார்க் ஷீட்டில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பேர் விரிவாக, ஆதாரில் இன்னொரு மாதிரி. இதை முதலில் சரிசெய்யுங்கள். அரசிதழில் வெளியிட வேண்டியிருந்தால் அதற்கும் நாள் பிடிக்கும்.

கோயிலிலோ சர்ச்சிலோ நடந்த கல்யாணத்தைப் பதிவு செய்திருக்கிறீர்களா? தமிழ்நாட்டில் 2009 முதல் அது கட்டாயம். தம்பதிகளுக்குக் குறைந்தது இரண்டு வருட நிலையான மணவாழ்வு வேண்டும்.

போலீஸ் சான்று, மருத்துவச் சான்று போன்றவற்றை ரொம்ப முன்கூட்டியே வாங்கினால் பழசாகிவிடும். பிறப்பு, திருமணம், சொத்து ஆவணங்களை இப்போதே எடுத்து வையுங்கள். மற்றதைக் கடைசியில் வாங்குங்கள். வீட்டாய்வு அறிக்கை மூன்று வருடம் செல்லும்.

சொந்தக்காரர் பிள்ளையை எடுப்பவர்களுக்கும் ஒன்று. ஊரில் பத்திரம் பதிந்துவிட்டால் மட்டும் பிள்ளையை வெளிநாடு கூட்டிப்போக முடியாது. காராவின் தடையின்மைச் சான்று வேண்டும். டிக்கெட் போடும் முன் அதைக் கேளுங்கள்.

நீங்கள் ஒரு சான்றிதழுக்காகத் தாமதிக்கும் ஆறு மாதம், இல்லத்தில் இருக்கும் ஒரு குழந்தைக்கு நடை பழகும் காலம். அது உங்கள் வீட்டு முற்றத்தில் நடக்கட்டும், மக்களே.