முதுசமும் சீதனமும் தேடியதேட்டமும்

நிலமே உழவர் குடிக்கு நிலைபேறு. பெற்றோர்க்குப் பின் அந்நிலத்தை மக்கள் எவ்வாறு பங்கிட்டனர் என்பதனை நோக்கின், அந்நாட்டார் உறவையும் நீதியையும் போற்றிய திறம் புலனாகும். யாழ்ப்பாணத்துத் தேசவழமை இதற்குத் தக்கதொரு சான்றாம்.

வாய்மொழியாய் வழிவழி நின்ற அவ்வழக்கங்களை, ஒல்லாந்தத் தேசாதிபதி சைமன்ஸ் என்பாரது கட்டளைப்படி, திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் என்பார் தொகுத்தெழுதினார். தமிழ் முதலியார் பன்னிருவர் அதனை ஆராய்ந்து உடன்பட, 1707 ஆம் ஆண்டில் அது சட்டமாயிற்று. ஆங்கிலேயரும் 1806 ஆம் ஆண்டில் அதனை ஏற்றுக்கொண்டனர்.

அத்தொகுப்புக் கூறும் பழைய முறையில் குடும்பச் சொத்து மூவகைப்படும். கணவன் முன்னோர்வழிப் பெற்றது முதுசம். மனைவி கொணர்ந்தது சீதனம். இருவரும் இல்லறத்தில் ஈட்டியது தேடியதேட்டம். முதுசம் ஆண்மக்களையும் சீதனம் பெண்மக்களையும் சாரும். தேடியதேட்டம் இருபாலார்க்கும் ஒப்ப உரியது. ஒரு குடும்பத்தில் முதுசம் 12 பரப்பு, சீதனம் 8 பரப்பு, தேடியதேட்டம் 8 பரப்பு எனக் கொள்க. ஆண்மக்கள் இருவரும் பெண்மக்கள் இருவரும் உளராயின், ஆண்மகன் ஒவ்வொருவனுக்கும் 8 பரப்பும், பெண்மகள் ஒவ்வொருத்திக்கும் 6 பரப்பும் எய்தும். தந்தைவழி வந்தது தந்தைவழியே செல்ல, தாய்வழி வந்தது தாய்வழியே செல்ல, இருவர் உழைப்பின் பயன் எல்லார்க்கும் பொதுவாயிற்று.

போர்த்துக்கேயர் காலத்தே இம்முறை நெகிழ்ந்தது. மூவகைச் சொத்தினின்றும் வேறுபாடின்றிப் பெண்மக்களுக்குச் சீதனம் கொடுக்கலாயினர். மணமாகாத ஆண்மக்களின் உழைப்பும் குடும்பப் பொதுவிற் சேர்ந்தமையின், தமையன் தோட்டத்திற் சிந்திய வியர்வை தங்கையின் சீதனக் காணியாயிற்று. எஞ்சியதே ஆண்மக்கள் பங்கு. இதனாற் சில குடும்பங்களில் மனத்தாங்கல் எழுதலும் இயல்பே.

ஆயினும் பங்கிடவொண்ணாத பொருளொன்று அக்காணிகளில் இருந்தது. அது கிணறு. ஆறில்லாத அந்நாட்டில் தோட்டப் பயிர்க்குக் கிணற்று நீரே உயிர். ஆதலின் காணி உறுதிகளில் இத்துணைப் பரப்பு என்பதனோடு, கிணற்றிற் பங்கும் வழி வாய்க்காற் பங்கும் எழுதப்பெற்றன. வேலியாற் பிரிந்த உடன்பிறந்தார் முறைவைத்து ஒரே கிணற்றில் நீர் இறைத்தனர். பகை கொண்டாரும் முறை தவறாதிருத்தல் வேண்டும். தவறின் இருவர் பயிரும் வாடும்.

ஒருவர் தம் பங்கினை விற்கப் புகின், அதனை வாங்குதற்குப் பங்காளிகட்கு முன்னுரிமை உண்டென்பதும் தேசவழமையே. கணவன் மனைவியர் சொத்துரிமை 1911 ஆம் ஆண்டிலும் 1947 ஆம் ஆண்டிலும் சட்டத்தாற் புதிதாக வகுக்கப்பெற்றது. எனினும் 1947 ஆம் ஆண்டின் மற்றொரு சட்டம் இம்முன்னுரிமையை நிலைபெறுத்தியது.

காணியைப் பிரித்தற்குக் கணக்குப் போதும். பிரிந்த பின்னரும் ஒரு கிணற்றில் நீர் மொள்ளும் மனம் வேண்டும். அம்மனத்தைக் காத்த குடும்பங்களில் பாகப்பிரிவினை உறவின் முடிவாகவில்லை.