பனிக்கட்டியும் உடற்கொழுப்பும்

காஞ்சிபுரத்துக்கு மேற்கே திருப்புட்குழி என்னும் திவ்விய தேசம் இருக்கின்றது. சடாயுவுக்கு இராமபிரான் ஈமக்கடன் ஆற்றிய இடம் என்று தலபுராணம் கூறும் ஊர் அது. வறுத்த பயற்றையும் முளைக்கச் செய்பவர் என்று அவ்வூர் மரகதவல்லித் தாயாரை மக்கள் போற்றுகின்றனர். வறுத்த விதை முளையாது என்பது யாவரும் அறிந்ததே. ஆதலின் அது முளைப்பதை அருளின் அடையாளமாகக் கொண்டனர். வெப்பம் விதையின் உயிரைப் போக்கும். அவ்வாறே குளிர் நம் உடற்கொழுப்பை அழிக்குமா? இக்கேள்விக்கு விடை கண்ட வரலாற்றை இன்று காண்போம்.

பனிக்கட்டி நம் நாட்டுக்குக் கடல்வழி வந்த பொருள். அமெரிக்காவின் பாஸ்டன் நகர வணிகர் பிரெடரிக் டூடர், 1833-இல் குளத்துப் பனிக்கட்டியை மரத்தூளிற் பொதிந்து கல்கத்தாவுக்கு அனுப்பினார். நான்கு திங்கள் பயணத்தில் ஒரு பகுதி உருகிப்போக, எஞ்சியதே வியப்பாயிற்று. 1842-இல் சென்னைக் கடற்கரையில் அவர் கட்டிய பனிக்கட்டிக் கிடங்கே பின்னாளில் விவேகானந்தர் இல்லம் ஆயிற்று.

அந்நூற்றாண்டின் நடுவில், இங்கிலாந்து மருத்துவர் ஜேம்ஸ் ஆர்னாட், உப்பும் பனிக்கட்டியும் கலந்து புற்றுநோய்க் கட்டிகளின் வலியைத் தணித்தார். குளிர் மருந்தாகலாம் என்பது தெளிவாயிற்று. ஆயின் கொழுப்பைப் பற்றிய குறிப்பு ஒரு குழந்தையிடமிருந்து கிடைத்தது. குச்சி ஐஸைச் சுவைத்த குழந்தையின் கன்னத்துக் கொழுப்பு வீங்கிச் சிவந்ததை 1970-இல் இரு மருத்துவர்கள் எழுதி வெளியிட்டனர். தோலினும் கொழுப்பே குளிருக்கு விரைவில் இடைகிறது என்பது அதனாற் புலப்பட்டது.

அதே பாஸ்டன் நகரில், மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையைச் சேர்ந்த டீட்டர் மான்ஸ்டைன், ராக்ஸ் ஆண்டர்சன் ஆகியோர் இதனை ஆராய்ந்தனர். பன்றிகளிடம் செய்த சோதனைகளின் முடிவு 2008-இல் வெளிவந்தது. தண்ணீர் உறையும் நிலைக்கு முன்னரே கொழுப்பு இறுகுகிறது. அதனால் தோல் பிழைக்க, கொழுப்பணுக்கள் மடிகின்றன. அவற்றை உடலே இரண்டு மூன்று திங்களில் அப்புறப்படுத்துகிறது. கத்தியில்லை, தையலில்லை. 2010-இல் அமெரிக்க அரசு, இடுப்பின் பக்கங்களில் இதைச் செய்ய இசைவளித்தது. இன்று சென்னையிலும் இச்சிகிச்சை நடைபெறுகின்றது.

மாணவர்களே, இதன் எல்லையையும் அறிதல் வேண்டும். குளிர்வித்த இடத்துக் கொழுப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே குறையும். உடலின் எடை குறையாது. நீரிழிவுக்கும் இதயநோய்க்கும் வழிகோலுவது குடலையும் ஈரலையும் சூழ்ந்த உட்கொழுப்பு. அதனைத் தோல்மேல் வைக்கும் கருவி தீண்டுவதில்லை. மேலும், மிகச் சிலருக்குக் குளிர்வித்த கொழுப்புக் குறைவதற்கு மாறாகத் தடித்து வளர்கிறது. 2014-இல் இந்நிலை முதன்முறையாக மருத்துவ ஏட்டிற் பதிவாயிற்று. விளம்பர அழகியாகப் புகழ்பெற்ற லிண்டா எவாஞ்சலிஸ்டா, தமக்கு நேர்ந்த இத்துன்பத்தை 2021-இல் உலகறிய வெளியிட்டார். வறுத்த பயறு முளைத்தாற்போன்ற நிகழ்ச்சிதான். ஆனால் இங்கே அது அருளாகவில்லை, அறுவைச் சிகிச்சையில் கொண்டுபோய் நிறுத்தியது.

தம் உருவத்தைக் கண்டு நாணும் இளைஞர் இக்காலத்துப் பலர். பொருளைச் செலவிட்டு உடலைக் குளிர்விக்குமுன், அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று தகுதி பெற்ற மருத்துவரிடம் கேட்டறிதல் அவர்கள் கடமை. அளவான உணவும் நாள்தோறும் நடையுமே உட்கொழுப்பைக் குறைக்கும் வழி. அதற்குக் கருவி வேண்டுவதில்லை.