ஏஜாக்ஸ்

ஏஜாக்ஸ் என்பது, உலாவியில் திறந்திருக்கும் வலைப்பக்கத்தை முழுவதும் மீண்டும் ஏற்றாமல், வேண்டிய தரவை மட்டும் வழங்கியிடமிருந்து பின்னணியில் பெற்று, பக்கத்தின் ஒரு பகுதியை மாற்றும் வலை நிரலாக்க முறையாகும். இது தனியொரு நிரலாக்க மொழியோ மென்பொருளோ அன்று. ஜாவாஸ்கிரிப்ட், எச்.டி.எம்.எல். போன்ற, முன்பே இருந்த நுட்பங்களைச் சேர்த்துப் பயன்படுத்தும் முறைக்கு இடப்பட்ட பெயரே இது. "ஒத்தியங்கா ஜாவாஸ்கிரிப்டும் எக்ஸ்.எம்.எல்.லும்" என்பது ஆங்கில விரிவின் பொருள்.

தேவை

வலை தொடக்கத்தில் ஆவணங்களைப் படிப்பதற்கே உருவாக்கப்பட்டது. இணைப்பு ஒன்றைச் சொடுக்கினால் உலாவி பழைய பக்கத்தைக் களைந்துவிட்டுப் புதிய பக்கத்தைப் பெறும். கட்டுரை படிப்பதற்கு இது போதும். மின்னஞ்சல் போன்ற பயன்பாடுகளுக்கோ இது பொருந்தவில்லை. ஒரு மடலை நீக்கினாலும் முழுப் பக்கமும் மீண்டும் வரவேண்டும். அதுவரை பயனர் காத்திருக்க வேண்டும்.

வரலாறு

இதன் அடிப்படைக் கூறு மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் அவுட்லுக் வெப் அக்சஸ் என்னும் மின்னஞ்சல் சேவைக்காக உருவாக்கப்பட்டு, 1999இல் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5 உடன் வெளிவந்தது. பின்னர் மொசில்லா இதே வசதியை எக்ஸ்.எம்.எல்.எச்.டி.டி.பி.ரிக்வெஸ்ட் என்னும் பெயரில் சேர்த்தது; சஃபாரி 2004இலும் ஓபரா 2005இலும் பின்தொடர்ந்தன. ஒரே உலாவியில் இயங்கும் வசதியை நம்பிப் பொதுத்தளம் அமைக்க எவரும் துணியார். ஆகவே இவ்வசதி பல உலாவிகளுக்கும் பரவியதே முறையின் வளர்ச்சிக்கு முதன்மைக் காரணம் எனலாம்.

கூகிள் நிறுவனத்தின் ஜிமெயில் (ஏப்ரல் 2004), கூகிள் சஜஸ்ட் (டிசம்பர் 2004), கூகிள் மேப்ஸ் (பெப்ரவரி 2005) ஆகியவை இம்முறையின் ஆற்றலைப் பரவலாக அறியச் செய்தன. 2005 பெப்ரவரி 18 அன்று ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட் தம் கட்டுரையொன்றில் இதற்கு ஏஜாக்ஸ் எனப் பெயரிட்டார். 2006 ஏப்ரலில் வலைச் சீர்தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி முதல் வரைவை வெளியிட்டது.

இயங்கும் முறை

தேடுபெட்டியில் தட்டச்சிடும்போதே பரிந்துரைகள் தோன்றுவதை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். பயனர் "மது" என உள்ளிட்டதும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் வழங்கிக்கு ஒரு வேண்டுகோளை அனுப்புகிறது. விடை வரும்வரை நிரல் காத்து நிற்பதில்லை. பயனர் தொடர்ந்து தட்டச்சிடலாம். "ஒத்தியங்கா" என்பதன் பொருள் இதுவே. விடை வந்தவுடன் அதற்கென எழுதிய செயற்கூறு இயங்கி, பெட்டியின் கீழுள்ள பட்டியலை மட்டும் மாற்றுகிறது.

இதில் புதியோர் தவறும் இடம் ஒன்று உண்டு. பயனர் "மதுரை" எனத் தொடர்ந்தால் இரண்டாம் வேண்டுகோள் செல்லும். அனுப்பிய வரிசையிலேயே விடைகள் வரும் என்னும் உறுதி இல்லை. "மது" என்பதற்கான விடை பிந்தி வந்தால், சரியான பட்டியலின்மேல் பழைய பட்டியல் எழுதப்பட்டுவிடும். விரைவான இணைப்பில் சோதிக்கும் நிரலாளர் கண்ணில் இப்பிழை பெரும்பாலும் படுவதில்லை. வேண்டுகோள்களுக்கு எண்ணிட்டு, பழைய எண்ணுக்குரிய விடையைப் புறக்கணிப்பது எளிய தீர்வு.

பெயரில் எக்ஸ்.எம்.எல். இருப்பினும் அது கட்டாயமன்று. ஜாவாஸ்கிரிப்டில் எளிதாகக் கையாளத்தக்க ஜேசான் வடிவமே பின்னர் பெருவழக்காயிற்று.

குறைபாடுகள்

பக்கம் மாறாததால் முகவரியும் மாறுவதில்லை. எனவே பின்செல் பொத்தானை அழுத்திய பயனர் முந்தைய நிலைக்குச் செல்லாமல் தளத்தை விட்டே வெளியேற நேர்ந்தது. தாம் கண்டதை நூற்குறியிட்டுப் பிறருக்கு அனுப்பவும் இயலவில்லை. முகவரியை நிரல்வழி மாற்றும் வசதி எச்.டி.எம்.எல்.5 உடன் வந்தபின் இதனைத் தீர்க்க முடிந்தது. எனினும் அதனை நிரலாளரே எழுதிச் சேர்க்க வேண்டும்.

பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைபடிப்பான்கள் பக்கத்தின் நடுவே நிகழும் மாற்றத்தை அறியாமல் விட்டுவிடுவது இதனினும் பெரிய குறை. பிறருக்கு விரைவாகத் தோன்றிய தளம் இவர்களுக்கு ஊமையாயிற்று. மாறும் பகுதியைக் குறித்துக்காட்டும் வை-ஏரியா சீர்தரம் 2014இல் டபிள்யூ3சி பரிந்துரையாக வெளிவந்தது.

பிற்கால வளர்ச்சி

உலாவிகளுக்கிடையேயான வேறுபாடுகளை மறைத்து நிரலாளரின் பணியை எளிதாக்கிய ஜேகுவெரி நிரலகம் 2006இல் வெளியானது. 2015 முதல் ஃபெட்ச் என்னும் எளிய இடைமுகம் உலாவிகளில் இடம்பெற்றது. புதிய நிரல்களில் பெரும்பாலும் அதுவே பயன்படுகிறது. பழைய இடைமுகமும் நீக்கப்படவில்லை.