பியூக் கிராண்ட் நேஷனல்: பின் வீல் சிலிண்டர் மாற்றத்தின் வரலாறு

பியூக் கிராண்ட் நேஷனல் என்பது அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் பியூக் பிரிவு 1980களில் தயாரித்த இரண்டு கதவுக் கார் ஆகும். நாஸ்கார் பந்தயத் தொடரின் அக்காலப் பெயரிலிருந்து இதன் பெயர் எடுக்கப்பட்டது. பியூக் ரீகல் காரின் உடலில், டர்போ பொருத்திய 3.8 லிட்டர் வி6 எஞ்சினுடன் வந்த இதன் வேகம் பலராலும் எழுதப்பட்டிருக்கிறது. நிறுத்தும் அமைப்பின் கதை அவ்வளவாக எழுதப்படவில்லை. பின் சக்கரங்களில் டிரம் பிரேக்குடன் வந்த இந்தக் காரில், சிறு சரக்கு வண்டி ஒன்றின் வீல் சிலிண்டரைப் பொருத்தும் வழக்கம் உரிமையாளர்களிடையே பரவியது. செலவு குறைந்த அந்த மாற்றத்தின் காரணமும் விளைவும் இங்கே விளக்கப்படுகின்றன.

வீல் சிலிண்டர்

டிரம் பிரேக்கை இன்றைய வடிவுக்கு அருகில் கொண்டுவந்தவர் பிரான்சின் லூயி ரெனோ (1902). அப்போது கம்பியும் நெம்புகோலுமே பிரேக் ஷூக்களை விரித்தன. நான்கு சக்கரங்களுக்கும் ஒரே அளவு விசை போய்ச் சேருமாறு கம்பிகளைச் சரிசெய்வது ஓயாத வேலையாக இருந்தது. அமெரிக்கரான மால்கம் லாக்ஹீட் திரவ அழுத்தத்தால் இயங்கும் பிரேக்கை உருவாக்கி, 1917இல் காப்புரிமை கோரினார். 1921இல் டியூசன்பெர்க் காரிலும் 1924இல் கிரைஸ்லர் காரிலும் திரவ பிரேக் வந்தது. ஃபோர்டு 1939 வரை கம்பிகளையும் தண்டுகளையும் விடவில்லை.

திரவ டிரம் பிரேக்கில் ஷூக்களைத் தள்ளும் உறுப்பு வீல் சிலிண்டர். கைக்குள் அடங்கும் இந்தச் சிறு இரும்பு உருளையின் இரு முனைகளிலும் ஒவ்வொரு பிஸ்டனும் ரப்பர் வாஷரும் இருக்கும். பெடலை மிதிக்கும்போது மாஸ்டர் சிலிண்டரிலிருந்து வரும் திரவம் இரு பிஸ்டன்களையும் வெளியே தள்ளும். ஷூக்கள் விரிந்து டிரம்மின் உள்சுவரைப் பற்றும். பிஸ்டன் தரும் விசை என்பது திரவ அழுத்தத்தைப் பிஸ்டனின் பரப்பால் பெருக்கியது. பரப்போ விட்டத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். ஆகவே விட்டத்தில் மிகச் சிறிய மாற்றமும் பிரேக்கில் பெரிதாகத் தெரியும்.

வேகமான கார், சாதாரண பிரேக்

கிராண்ட் நேஷனல் 1982இல் அறிமுகமானது. அடுத்த ஆண்டு வரவில்லை. 1984இல் முழுக் கறுப்பு நிறத்தில் 200 குதிரைத்திறன் டர்போ எஞ்சினுடன் திரும்பியது. 1986இல் இன்டர்கூலர் சேர்ந்ததும் திறன் 235 ஆனது, 1987இல் 245. அதே ஆண்டுகளில் ஜெனரல் மோட்டார்ஸின் பெருமைக்குரிய விளையாட்டுக் காரான கார்வெட்டின் திறன் முறையே 230, 240 மட்டுமே. பிரேக்கைப் பார்த்தால் நிலைமை நேர்மாறு. கார்வெட்டுக்கு 1965 முதலே நான்கு சக்கரங்களிலும் டிஸ்க் பிரேக் உண்டு. 1986இல் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் அமைப்பும் வந்தது. கிராண்ட் நேஷனலுக்கோ முன்னால் டிஸ்க், பின்னால் 9.5 அங்குல டிரம். குடும்பத்தோடு கடைத்தெருவுக்குப் போகும் ரீகலுக்கும் ஏறத்தாழ இதே அமைப்புதான். பின் டிரம் மலிவானது, கை பிரேக்கை அதிலேயே எளிதாக இணைக்கலாம் என்ற காரணங்கள் ரீகலுக்குப் பொருந்தும். இந்தக் காருக்கு அவை போதுமானவை என்று சொல்வது கடினம்.

டர்போ எஞ்சின் இன்னொரு சிக்கலையும் கொண்டுவந்தது. வழக்கமான பிரேக் பூஸ்டர், எஞ்சின் காற்றை உறிஞ்சும்போது உண்டாகும் வெற்றிடத்தால் இயங்குவது. டர்போ காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் நேரத்தில் அந்த வெற்றிடம் கிடைப்பதில்லை. எனவே அக்கால டர்போ ரீகல்கள் பலவற்றில் பவர்மாஸ்டர் என்ற அமைப்பு பொருத்தப்பட்டது. மின்மோட்டார் ஒன்று திரவத்தை அழுத்திச் சேமக்கலத்தில் வைத்திருக்கும். பெடலை மிதித்தால் அந்த அழுத்தம் உதவும். சேமக்கலமோ அழுத்த சுவிட்சோ பழுதானால் உதவி நின்று, பெடல் கல்லைப் போல இறுகிவிடும். அதைக் கழற்றிவிட்டு வெற்றிட பூஸ்டருக்கு மாறியவர்கள் பலர்.

தொடக்கக் கோட்டில் எழுந்த தேவை

பின் பிரேக்கின் பலவீனம் அதிகம் உணரப்பட்டது காரை நிறுத்தும்போது அல்ல, புறப்படும்போது. கிராண்ட் நேஷனல் கால் மைல் நேர்கோட்டுப் பந்தயத்துக்கு விரும்பி எடுக்கப்பட்ட கார். டர்போ உடனே வேலை செய்யாது. புகைபோக்கும் வாயு போதிய அளவு வந்து அதன் சக்கரத்தைச் சுழற்றவேண்டும். அதனால் ஓட்டுநர் இடக்காலால் பிரேக்கை அழுத்திப் பிடித்து, வலக்காலால் ஆக்சிலரேட்டரை மிதித்து, டர்போ அழுத்தத்தை ஏற்றிக்கொண்டு பச்சை விளக்குக்குக் காத்திருப்பார். இதன் தானியங்கி கியர்பெட்டியில் டார்க் கன்வெர்ட்டர் இருப்பதால் இது இயலும்.

இந்தச் சில விநாடிகளில் எஞ்சினின் முறுக்கு விசை பின் அச்சுக்குத்தான் போகிறது. முன் பிரேக் எவ்வளவு வலுவாக இருந்தாலும் அது காரைத் தடுப்பது முன் டயர் தரையைப் பற்றும் அளவுக்குத்தான். பின் பிரேக் அந்த அச்சையே நேரடியாகப் பிடிக்கிறது. அது வழுக்கினால் கார் கோட்டைத் தாண்டி நகர்ந்துவிடும், அல்லது பின் டயர் நின்ற இடத்திலேயே சுழலும். டர்போவை முழுதாக ஏற்றமுடியாமல் புறப்பட்டால் பந்தயம் கைநழுவியதற்குச் சமம்.

இதற்குக் கிடைத்த தீர்வு அதே நிறுவனத்தின் உதிரிபாக அலமாரியிலேயே இருந்தது. ஷெவர்லே எஸ்-10 என்ற சிறு சரக்கு வண்டிக் குடும்பத்தின் வீல் சிலிண்டர், ரீகலின் பிரேக் தட்டிலும் பொருந்தியது. ரீகலின் சிலிண்டர் விட்டம் 3/4 அங்குலம். எஸ்-10 சிலிண்டரின் விட்டம் 7/8 அங்குலம். சரக்கு ஏற்றும் வண்டியின் பின் அச்சில் எடை கூடுவதால் அதற்குப் பின் பிரேக் வலுவாக இருக்கவேண்டும் என்பது பெரிய சிலிண்டருக்கான நியாயம். வேறுபாடு அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு மட்டுமே. ஆனால் பரப்பு 285 சதுர மில்லிமீட்டரிலிருந்து 388க்கு உயர்கிறது. அதே பெடல் அழுத்தத்துக்கு விசை 36 விழுக்காடு கூடுகிறது. ஷூக்கள் டிரம் சுழலும் திசையில் இழுபட்டுத் தாமே மேலும் இறுகும் வகையைச் சேர்ந்தவை என்பதால், கூடுதல் விசை அங்கேயும் பெருகுகிறது. புதிய டிரம், புதிய ஷூ, புதிய அச்சு எதுவும் வேண்டியதில்லை. பழைய சிலிண்டரைக் கழற்றிப் புதியதை மாட்டி, குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றினால் வேலை முடிந்தது.

சமன் குலைதல்

இந்த மாற்றம் இலவசமாக வருவதில்லை. பெரிய சிலிண்டரை அதே தூரம் நகர்த்த 36 விழுக்காடு கூடுதல் திரவம் வேண்டும். மாஸ்டர் சிலிண்டர் மாறாததால் பெடல் சற்று ஆழமாக இறங்கும். ஷூவுக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளி ஒழுங்காகச் சரிசெய்யப்படாத காரில் இந்தக் குறை நன்றாகவே தெரியும். பெடல் இறங்குகிறது என்று சிலிண்டரைக் குறை சொல்பவர்கள் முதலில் பார்க்கவேண்டியது இந்த இடைவெளியைத்தான்.

பெரிய ஆபத்து சாலையில். ஓடும் காரில் பிரேக் பிடித்தால் எடை முன்பக்கம் சாயும். பின் டயரின் பிடி குறையும். முன் சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டால் கார் திரும்ப மறுத்தாலும் நேராகச் செல்லும். பின் சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டால் காரின் பின்புறம் முன்னால் வரப் பார்க்கும்; மழை நாளில் அதைத் திருத்த நேரம் கிடைக்காது. தொழிற்சாலை பின்சக்கர அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வை அமைத்தது 3/4 அங்குல சிலிண்டரைக் கணக்கில் வைத்துத்தான். சிலிண்டர் மாறினாலும் வால்வு பழைய கணக்கையே பின்பற்றும். 7/8 அங்குலத்தோடு நிற்பதும், வெற்றிடத்தில் சோதித்துப் பார்த்த பிறகே சாலைக்கு வருவதும் விவேகம். 15/16 அங்குல சிலிண்டரில் விசை 56 விழுக்காடு கூடும். பந்தயத் திடலுக்கு அது சரி, ஈரச் சாலைக்குத் தாராளம்.

கடைசி கிராண்ட் நேஷனல் 1987 டிசம்பரில் மிச்சிகனின் பான்டியாக் ஆலையிலிருந்து வெளிவந்தது. அதே ஆண்டு 547 மட்டுமே தயாரான, 276 குதிரைத்திறன் கொண்ட ஜிஎன்எக்ஸ் காரில் பின் அச்சின் பிடிமானம் புதிதாக வடிவமைக்கப்பட்டது. அதன் பின் சக்கரங்களிலும் டிரம் பிரேக்கே இருந்தது.